ரெண்டு காங்கோவும் ஒரு ஹெல்மெட்டும்

இன்று பாண்டி உப்பளம் பகுதியில் வாடகை ஸ்கூட்டி எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் ஆப்பிரிக்க மாணவர் நின்றிருந்தார். எந்த நாடு என்று கடைக்காரர் அவரிடம் கேட்டார்.

"காங்கோ அண்ணா. ரெண்டு காங்கோ இருக்கு, நடுவுல ஆறு. அந்தக் கரைய பிரெஞ்சுக்காரன் புடிச்சான், எங்க கரைய பெல்ஜியம் ராஜா புடிச்சாரு. ரெண்டு பக்கமும் ஆத்து பேரையே வெச்சிட்டாங்க."

பாண்டியில் நாலு வருடமாகப் படிக்கிறாராம். தமிழ் அட்டகாசம்.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பக்கத்துப் பக்கத்துல ஒரே பேரா? வேற பேரே கெடைக்கலியா அவனுங்களுக்கு?"

வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

பிறகு மாணவரிடம் சாவியை நீட்டி வழி சொன்னார். "நேரா போ தம்பி. கொஞ்ச தூரத்துல தமிழ்நாடு வரும், அங்க போலீஸ் புடிப்பான், ஹெல்மெட் மாட்டிக்க. அப்புறம் திரும்பப் பாண்டி வரும், கழட்டிக்க. அதத் தாண்டுனா மறுபடியும் தமிழ்நாடு. டிக்கியில சரக்கு பாட்டில் மட்டும் வேணாம்."

"யாருண்ணா இப்படி வெட்டுனது?" என்று மாணவர் கேட்டார்.

"பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும்தான்."

மாணவர் அங்கேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "எங்களுக்கு நடுவுல ஒரு ஆறாச்சும் இருக்குண்ணா."

எல்லை சரியாக எங்கே இருக்கிறது என்று தெரிந்த பாண்டிக்காரர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அதுவரை நான் வீட்டுக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றுவதாக இல்லை.