ரெஜினா மிஸ் பார்த்த விரல்கள்

ரெஜினா மிஸ் சிலாபத்தில் காலமானார் என்ற செய்தி வந்தபோது நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஊற்றித் தந்தவர் நவ்ஸாத். அவர் என் அச்சகத்தில் தேத்தண்ணிதான் ஊற்றுகிறார் என்பதை மிஸ்ஸிடமிருந்து மறைப்பது ஒரு வருடமாக எனக்கு ஒரு தனி வேலையாக இருந்தது. அந்த வேலை அன்றோடு போயிற்று.

மிஸ்ஸை அறிந்தவர்களுக்கு அவருடைய தொழிலை விளக்கத் தேவையில்லை. மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று வீட்டோடு வைக்கப்பட்ட பெரியவர்களுக்கு ஒரு வேலையைப் பழக்கி, ஓரிடத்தில் சேர்த்து, அங்கே அவர்கள் ஊன்றும்வரை கூடவே இருப்பார். போர் முடிந்து பயிற்சிப் பட்டறைகள் பெருகிய காலம் அது. அத்தனைக்கும் பதாகை அடித்தவன் நான். பதாகை கேட்டு வராதவர் மிஸ் மட்டும்தான். ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அப்படி வந்த தில்லையடி நவ்ஸாத்துக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. எண்ணத் தெரியாது. உப்பு லொறிகளுக்கான பில் புத்தகங்களை அடுக்குவது அவர் வேலை. வெள்ளை, ரோஸ், மஞ்சள், இடையிடையே நீலக் கார்பன் தாள். மிஸ் மூன்று நிறத் துண்டுகளை அந்த வரிசையில் மேசையில் ஒட்டினார். பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தார். சில நாளைக்கொரு முறை கதிரை ஓரடி பின்னால் போகும். பிறகு வாசலுக்குப் போனது. கடைசியில் எதிர்த் தேத்தண்ணிக் கடைக்கே போய்விட்டது.

"நானா, அவர் என்னைத் தேடாத நாளிலதான் என்ட வேலை முடியும்" என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்பார்கள்.

மூன்று மாதத்தில் முடிந்தது.

பிறகு ஒருநாள் உப்பு முதலாளி புத்தகங்களோடு வந்தார். "வெள்ளையில ஒரு நம்பர், ரோஸ்ல வேற நம்பர்! இப்பிடியாக்கள வெச்சிக்கிட்டா இப்பிடித்தான் ஈக்கும்!" நவ்ஸாத் தலை குனிந்தார். மிஞ்சிய தாள் கட்டைப் பிரித்தபோது விஷயம் தெரிந்தது. அச்சடித்த தாள்களை மை காயுமுன் நான் குவித்துவிட்டதால் ரோஸ் தாள்கள் இரண்டிரண்டாக ஒட்டி, நம்பர் தள்ளிப்போயிருந்தது. முதலாளி அதற்குள் சமாதானமாகியிருந்தார். நடந்து முடிந்ததை எதற்குக் கிளறுவது என்று நவ்ஸாத்தைத் தேத்தண்ணிக் கேத்தலுக்கு மாற்றினேன். தம் பிழையைக் கீழே உள்ளவர் தலையில் கட்டும் அமைச்சர்களைப் பற்றி அதே வாரம் பத்திரிகைக்கு ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வந்திருந்தது. பலர் பாராட்டினார்கள்.

மிஸ் வருவதாகச் சொன்ன நாளில் நவ்ஸாத்தை அவருடைய பழைய மேசையில் உட்கார வைத்தேன். மிஸ் என்னோடு சுகம் விசாரித்தபடியே அவர் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"கார்பன் பிடிக்கிற ஆளுக்கு விரல் இவ்வளவு வெள்ளையா?"

நான் மழையைப் பற்றிக் கதைத்தேன்.

"தேத்தண்ணி ஊத்தப் பழக்க எனக்கு மூணு மாசம் தேவையில்ல நானா. ஆளைத் திரும்ப மேசைக்கு எடுங்க."

"வாற கிழமை மிஸ்" என்று ஒரு வாரத் தவணை கேட்டேன்.

அதன் பிறகு நோயில் விழுந்த அவரால் சிலாபத்திலிருந்து பயணம் செய்ய முடியவில்லை. போன் எடுத்துக் கேட்பார். "நவ்ஸாத் மேசையிலதான் மிஸ்" என்பேன். வாற கிழமை பல வந்து போயின.

அடக்கத்துக்கு நவ்ஸாத்தையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். பாதி வழியில் அவராகவே சொன்னார்.

"மிஸ் எனக்கும் போன் எடுத்தாங்க நானா. மேசையிலயான்னு கேட்டாங்க. ஓம்னு சொன்னேன்."

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"இல்லன்னு சொன்னா நீங்க பொய் சொல்றீங்கன்னு மிஸ் நெனச்சிருவாங்க."



மிஸ்ஸை அறிந்தவர்களுக்கும், அந்த உப்பு முதலாளிக்கும் இதை எழுத்தில் தருகிறேன்: நம்பர் மாறியது என் பிழை. நவ்ஸாத் தன் கைக்கு வந்த தாளைச் சரியாகவே அடுக்கினார். இதை மிஸ்ஸிடம் சொல்ல எனக்கு ஒரு முழு வருடம் இருந்தது.

இப்போது தேத்தண்ணி நான்தான் ஊற்றுகிறேன். சீனி கூடிவிட்டது என்கிறார் நவ்ஸாத். மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம் மட்டுமே: முதலாளி சொல்வதைக் கேட்காமல் வேலைக்காரரின் விரலைப் பார்ப்பது. கோப்பையை வாங்க அவர் கை நீட்டும்போதெல்லாம் பார்க்கிறேன். நீலமாக இருக்கிறது.