பையர் இல்லாத சிவப்பு

அந்த வரைபடத்தை நான் கலர் பிரிண்ட் எடுத்திருக்கக் கூடாது. எடுத்ததோடு நிற்காமல் லேப் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், சாயம் தெறிக்காத மூலையாகப் பார்த்துச் செருகியும் வைத்தேன். முப்பத்தொரு நட்சத்திரங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு கேலக்ஸியில் வெடித்தது. வெடித்த பிறகு நாளாக நாளாக நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் அவற்றின் கோடுகள் என் படத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து ஒரே கயிறாகத் தெரிந்தன. பார்க்கும்போதெல்லாம் கர்வமாக இருக்கும். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த துணியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்ப்பார். நான் கோவையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்தேன். கடைசி செமஸ்டரில் வகுப்பு கிடையாது, ப்ராஜெக்ட் மட்டும்தான் என்பதால் வாரத்தில் இரண்டு நாள் கல்லூரிக்குப் போவேன். மற்ற நாட்களில் மங்கலம் ரோட்டில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை.

ப்ராஜெக்டுக்கு நான் எடுத்தது, பெரிய நட்சத்திரங்கள் வெடிக்கும்போது நமக்குத் தெரிகிற நிறம். சூரியனைப் போலப் பல மடங்கு கனமானவை ஆயுள் முடிந்து வெடிக்கும்போது முதல் சில நாட்கள் கடும் சூட்டில் நீலமாக இருக்கும். ஆற ஆறச் சிவக்கும். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற தொலைநோக்கிகள் அளந்து வைத்த அளவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் ஒரு தொலைநோக்கியைத் தொட்டது கூட இல்லை. தொடாமலேயே செய்யலாம் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம்.

சிக்கல் என்னவென்றால், வெடித்து இத்தனை நாள் என்று ஒரே வயதில் ஒப்பிட்டாலும் சில நட்சத்திரங்கள் மற்றவற்றைவிடச் சிவப்பாகத் தெரியும். சாயங்காலச் சூரியன் காற்றிலிருக்கும் தூசியால் சிவக்கிற மாதிரி, நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவில் கிடக்கும் தூசும் அதன் ஒளியைச் சிவக்க வைக்கும். அந்தத் தூசின் பங்கைக் கழித்துவிட்டால் உண்மையான நிறம் கிடைக்கும். நான் கழித்தேன். எப்படிக் கழித்தேன் என்பதில்தான் என் தலையெழுத்து இருந்தது.

பட்டறையில் வேலை இப்படித்தான் நடக்கும். துணி வாங்குகிற பையர் ஒரு ஷேடு கேட்பார். லேபில் சின்னத் துண்டில் அந்த ஷேடைப் போட்டு அனுப்புவோம். அவர் சரி என்று சொன்ன துண்டு, அப்ரூவ்டு ஸ்வாட்ச் என்று கவருக்குள் போய் வெளிச்சம் படாமல் பீரோவில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு மிஷினிலிருந்து வருகிற ஒவ்வொரு லாட் துணியையும் விதவிதமான விளக்குகள் வைத்த லைட் பாக்ஸுக்குள் அந்தத் துண்டின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஈரத்தோடு பார்க்கக் கூடாது, காயவைத்துத்தான் பார்க்க வேண்டும். நேவி லாட் சிவப்படித்தால் தப்பு லாட்டுடையது. கொஞ்சம் நீலம் அடிஷன் கொடுத்துத் துண்டின் பக்கம் இழுத்து வருவோம். துண்டு தப்பாக இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. நினைத்தால் வேலை ஓடாது.

நட்சத்திரங்களிடமும் நான் இதையே செய்தேன். முப்பத்தொன்றில் எது அதிக நீலமோ அதில் தூசே இல்லை என்று வைத்துக்கொண்டேன். அதுதான் ஸ்வாட்ச். மற்ற முப்பதும் அதைவிட எவ்வளவு சிவப்போ அவ்வளவும் தூசு. ஒவ்வொன்றுக்கும் அடிஷன் கொடுத்து ஸ்வாட்சின் பக்கம் இழுத்தேன். எல்லாம் ஒழுங்காக வந்து படிந்தது. வராமல் எங்கே போகும்? படிகிற மாதிரி இழுத்தது நான்தானே.

இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் பரவாயில்லை. சொல்லத்தான் செய்தார் ஒருவர், எங்கள் லேப் இன்சார்ஜ் அண்ணன். கேலியாகச் சொன்னார்.

கண்ணாடிக்கு அடியில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தார். "ஏனுங் விஞ்ஞானி, இதென்னங்க, நூல் சிக்கா?"

"முப்பத்தொரு நட்சத்திரத்தோட கலருங்ணா. எல்லாத்தையும் ஒரே ஷேடுக்குக் கொண்டாந்துட்டேன்."

"அடேங்கப்பா. நம்ம மிஷின்ல ரெண்டு லாட்டு ஒரே மாதிரி வர மாட்டேங்குது. நீங்க முப்பதக் கொண்டாந்துட்டீங்களா? செரி, இதுக்குப் பையர் யாருங்க?"

"பையரெல்லாம் இல்லீங்ணா."

"பையரே இல்லாம எவன் அப்ரூவல் கொடுத்தான்?" என்று சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. எதைச் சொன்னாலும் பையர், ஷிப்மென்ட் என்று கொண்டுவந்து முடித்துவிடுகிறார்களே என்று. அந்த வாரம்தான் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் பிஎச்.டி. சேர்க்கைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். விண்ணப்பத்தோடு ஒரு பக்கச் சுருக்கம் கேட்டார்கள். அந்தப் பக்கத்தின் நடுவில் இந்தக் கயிறு. நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. இன்னொரு பக்கம், இன்சார்ஜ் அண்ணன் மாசக் கடைசியோடு பெருந்துறைக்கு வேறு பட்டறைக்குப் போகிறார். அவர் இடத்துக்கு என்னையே முதலாளி கேட்டுவிட்டார். நேர்காணல் முடிவு தெரிந்ததும் சொல்கிறேன் என்றேன். சீட் கிடைத்தால் போவேன். கிடைக்காவிட்டால் லைட் பாக்ஸ் முன்னால் நிரந்தரமாக நிற்பேன். அவ்வளவுதான் கணக்கு.

நேர்காணலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, படத்தோடு என் கைடு மேடத்தைப் பார்க்கப் போனேன். கோபப்படாதவர். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கேப்பா," என்றார். அவர் குரலில் இருந்த சந்தேகம் எனக்கு உறைக்கவில்லை. நன்றி கூடச் சொன்னேன்.

"இதுல ரொம்பச் செவப்பா இருந்தது எது?"

காட்டினேன்.

"தூசியக் கழிச்சதுக்கு அப்புறம் இதோட பிரகாசம் எவ்வளவு வருது? போட்டுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அவர் மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்து போட்டேன். தூசு மறைத்தது என்று சொன்னால், மறைத்த ஒளியைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அந்த வகை நட்சத்திரம் எதுவும் எட்டாத ஒரு பிரகாசம் வந்து நின்றது. இரண்டாவது முறை போட்டேன். அதே எண்.

"செரி. தூசி இருக்கற எடத்துல வாயுவும் இருக்கும். நிறமாலையில அந்த வாயுவோட சோடியம் கோடு விழும். இதுக்கு விழுந்திருக்கா?"

அந்த நட்சத்திரத்தின் நிறமாலையைத் தேடி எடுத்தேன். சோடியம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. துடைத்துவிட்டது போல.

"எல்லாத்துக்கும் ஒரே நெறந்தான் இருக்கணும்னு உனக்கு யாருப்பா சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. ஆறு மாதமாகக் கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு லாட்டைத் திட்டிப் பழகியதால் வந்தது. ஒரே வயதில்தான் ஒப்பிட வேண்டும் என்பது, காயவைத்துப் பார்க்க வேண்டும் என்ற பட்டறைப் பழக்கத்தால் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அதே பட்டறைப் பழக்கம்தான் என்னைக் குழியிலும் தள்ளியது. வெடிக்கும்போது ஒவ்வொரு நட்சத்திரமும் எவ்வளவு பெரிதாக இருந்தது, அதன் மேல் எவ்வளவு ஹைட்ரஜன் மிச்சமிருந்தது, சுற்றி என்ன கிடந்தது என்பதைப் பொறுத்து அதனதன் சிவப்பு அதனதன் சொந்தச் சிவப்பாகவே இருக்கலாம். அதை நான் அழுக்கு என்று சொல்லிக் கழுவியிருந்தேன்.

"சுருக்கம் அனுப்பியாச்சுங்களே மேம்," என்றேன்.

"அனுப்புனது போச்சு. நேர்ல என்ன சொல்றதுங்கறத நீதான் முடிவு பண்ணோணும்."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம் வந்தது மேடத்தின் மேல் இல்லை, என் மேல் கூட இல்லை. இன்சார்ஜ் அண்ணன் மேல். பையர் யாருங்க என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போன மனிதர். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது என்பதை இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

ஒன்பது நாளில் அடிஷனை எல்லாம் எடுத்துவிட்டேன். கயிறு பிரிந்து தும்பு தும்பாகச் சிதறியது. சோடியம் கோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோடு தெளிவாக இருந்த சில நட்சத்திரங்கள் நீலமாக இருந்தன. கோடே இல்லாத சில நல்ல சிவப்பு. பாதி நிறமாலைகளில் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை, அவ்வளவு மங்கல். சிவப்பில் பெரும் பங்கு சொந்த நிறமாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. எவ்வளவு சொந்தம், எவ்வளவு தூசு என்று பிரிக்க என்னிடம் இருந்தது போதவில்லை. அழகான தப்பை வைத்திருந்தவன், அழகில்லாத ஒரு "தெரியவில்லை"யோடு நின்றேன்.

நேர்காணல் ஆன்லைனில். எங்கள் வீட்டுக்கு ஒட்டினாற்போல ஓவர்லாக் தையல் மிஷின்கள் ஓடுவதால் அங்கே பேச முடியாது. லேபிலேயே உட்கார்ந்தேன். இன்சார்ஜ் அண்ணன் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். "உள்ள இன்டர்வியூ நடக்குதுங்க, செத்த மெதுவாப் பேசுங்க," என்று அவர் மற்றவர்களிடம் சொல்கிற சத்தம்தான் உள்ளே பெரிதாகக் கேட்டது.

திரையில் மூன்று பேர். நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் எனக்குப் பின்னால் இருப்பது என்ன என்று கேட்டார். லைட் பாக்ஸ். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே துணி பகல் விளக்கில் ஒரு நிறமும் கடை விளக்கில் வேறு நிறமும் காட்டுமா என்றார். ஆமாம் என்றேன். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். சாயம், திருப்பூர், என் அம்மா, என் பட்டறை. கொடுத்த இருபது நிமிடத்தில் ஏழு நிமிடம் இதிலேயே போனது. அவர்கள் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்புதான். ஆனால் நான் சாயத்தைப் பற்றிப் பேச வரவில்லை. வேறு ஊர்ப் பையனிடம் அவன் அப்பாவின் ஆபீஸில் எத்தனை விளக்கு என்று கேட்டிருப்பார்களா?

பிறகு என் சுருக்கத்திலிருந்த படத்தைத் திரையில் காட்டி, இதை விளக்குங்கள் என்றார்கள்.

அந்த இடத்தில் நான் அதைக் காப்பாற்றியிருக்கலாம். தோராயமான முறை, இப்படிச் சிலர் தொடங்குவதுண்டு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். சோடியத்தைப் பற்றி அவர்கள் கேட்பார்களா என்று கூடத் தெரியாது. "இந்தப் படம் தப்பு" என்றேன். ஏன் தப்பு என்று சொன்னேன். சிதறிய படத்தைக் காட்டினேன்.

"அப்படியானால் உங்கள் முடிவு என்ன?" என்று கேட்டார், அதுவரை சிரிக்காதவர்.

நிறத்தில் உள்ள வித்தியாசம் எல்லாம் தூசு இல்லை, பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். நேரம் முடிந்தது, நன்றி என்றார்கள். சாயத்துக்குப் போன ஏழு நிமிடம் இருந்திருந்தால் பிரகாசத்தைப் பற்றியாவது சொல்லியிருப்பேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தேன். என் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை. தப்பை ஒத்துக்கொண்டதால் போனதா, தப்புச் செய்ததால் போனதா, என் ஆங்கிலத்தால் போனதா என்று யாரும் எழுதவில்லை. அதையும் பிரித்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் முதலாளியிடம் போய், இன்சார்ஜாக இருக்கிறேன், ஆனால் அடுத்த வருசச் சேர்க்கை வரைக்கும்தான் என்றேன். "அதென்னங்க தம்பி, பாதி மனசோட வாறீங்க?" என்றார். ஆமாங்க என்றேன். வேறு ஆள் கிடைக்காததால் சரி என்றார். கண்ணாடிக்கு அடியில் இருந்த படத்தை அன்றைக்குத்தான் உருவினேன். ஈரம் ஏறி ஒட்டிக்கொண்டிருந்ததால் பாதிதான் வந்தது. மீதி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அம்மாவிடம் சீட் இல்லை என்று சொன்னபோது அவர் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு மாசமா எந்நேரமும் அந்த லேப்டாப் டப்பாவையே பாத்துட்டிருந்தியே சாமி. போனாப் போகுது. நீ சொன்ன அந்தச் செவப்பு தூசியா, அதோட சொந்த நெறமா? அதையாச்சும் சொல்லு."

"தெரியலைம்மா."

"இன்னுமா?"

"இன்னுந்தான்."

"ஒரு பீஸப் பாத்தா கறையா நூலோட நெறமான்னு நான் அரை நிமிசத்துல சொல்லோணும். இல்லீன்னா சூப்பர்வைசர் வாயில விழோணும். உன்ற படிப்புல அதெல்லாங் கெடையாதா?"

கிடையாது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தேன். பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். சோடியம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பதினாறு நிறமாலைகள் அப்படியே இருந்தன.