‘இருந்தால்’ இல்லாத மன்னிப்பு

மூன்று வாரம் இருக்கும். மாலை நேரம். எதிர் ஃபிளாட் ரேச்சல் காலிங் பெல் அடித்தாள். கதவைத் திறந்தால்… கையில் கிண்ணம் இல்லை!

எனக்கு ஆச்சரியம். ரேச்சல் வெறுங்கையோடு வந்து நான் பார்த்ததே கிடையாது.

“காவ்யா இருக்காளா?”

“இருக்கா. ஹோம்வொர்க் பண்றா. உள்ளே வாயேன், டீ போடறேன்.”

“டீ வேண்டாம். அவளைத்தான் பார்க்கணும்.”

என் பத்து வயசுப் பெண்ணிடம் இவளுக்கு அப்படி என்ன தனி வேலை?

ரேச்சல் யார் என்று சொல்லிவிடுகிறேன். (பெயரை மாற்றியிருக்கிறேன். காரணம் உங்களுக்கே புரியும்.) பம்பாய்ப் பக்கத்துப் பெண். தாய்மொழி மராத்தி. ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. கணவருக்குக் கப்பலில் உத்தியோகம் என்பதால் பாதி வருஷம் தனியாகத்தான் இருப்பாள். என் வயசு. நாங்கள் பேசிக்கொள்வது இந்தியும் இங்கிலீஷும் கலந்த ஒரு பாஷையில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

பர் துபாயில் எங்கள் பில்டிங்கில் எல்லோரும் அவளைக் கிறிஸ்தவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். “நாங்க யூதர்கள். எத்தனையோ தலைமுறையா கொங்கண் கரையில்தான் இருக்கோம். இங்கே யாரும் கேக்கறதில்லை… நானும் சொல்றதில்லை” என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அவள் சமையலறை ஒரு சுவாரஸ்யம். இறால் கிடையாது, நண்டு கிடையாது. செதில் இருக்கிற மீன்தான். கறி சாப்பிட்டால் அதோடு பாலும் தயிரும் சேரக்கூடாது. கோழிக் குழம்பு சாப்பிட்ட கையோடு தயிர் சாதம் கிடையாது என்றால் ஒரு தமிழச்சி எப்படித் தாங்குவாள்? “அதுக்குத்தான் தேங்காய்ப்பால் இருக்கே!” என்பாள். மீன் குழம்புக்குத் தேங்காய்ப்பால், கறிக்குத் தேங்காய்ப்பால், அவர்கள் புத்தாண்டுக்குக் கிளறும் அல்வாவுக்கும் தேங்காய்ப்பால். அந்த அல்வா எங்கள் வீட்டுக்குக் கிண்ணம் கிண்ணமாக வரும். என் சாம்பார் அங்கே போகும்.

சரி… காவ்யா கதைக்கு வருகிறேன்.

கோடை லீவுக்கு முன்னால் இங்கே ஒரு ஸ்டார் நைட் நடந்தது. சென்னையிலிருந்து ஒரு பெரிய நடிகர் வந்திருந்தார். அவர் வருவதற்கு முன் பிள்ளைகளின் குரூப் டான்ஸ். காவ்யா முதல் வரிசையில். ரேச்சலையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம்.

டான்ஸ் நன்றாகவே நடந்தது. நடிகர் மேடைக்கு வந்தார். மைக்கை காவ்யாவிடம் நீட்டினார். “தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசு கண்ணு, பார்க்கலாம்!”

இங்கே வளரும் பிள்ளைகளின் தமிழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஆனாலும் என் பெண் தைரியமாகப் பேசினாள். “எங்க அப்பா உங்க பெரிய ஃபேன். அது அங்கதான் உட்கார்ந்திருக்கு.”

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டார் மனிதர். “அப்பா ‘அது’வா? ஐயையோ! துபாய் வந்தா அப்பாவெல்லாம் ‘அது’ ஆயிடுவாரா? எங்கே அந்த ‘அது’? கொஞ்சம் எழுந்து நில்லுப்பா, ஊரே பார்க்கட்டும்!”

என் கணவர் எழுந்து நின்றார். லைட் அவர் மேல் விழுந்தது. ஹால் முழுக்கச் சிரிப்பு. நடிகர் விடவில்லை. காவ்யா பேசியதை அவள் குரலிலேயே மூன்று தடவை பேசிக் காட்டினார். நான் மேடையில் என் பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு துடித்தது. கீழே இறங்கும் வரை அழுகையை அடக்கிக்கொண்டாள்.

காரில் வரும்போது இங்கிலீஷில் ஒன்றே ஒன்று சொன்னாள். இனிமேல் தமிழ் பேசமாட்டேன்.

பேசவில்லை. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். லீவுக்கு மதுரை போனோம். அங்கேயும் அப்படியே. “துபாய்ப் பொண்ணு ரொம்பத்தான் பிகு பண்ணுது” என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவளுடைய அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. “என்னை அதுன்னே கூப்பிடுடா கண்ணம்மா, எனக்குப் பரவாயில்லை” என்று கெஞ்சிப் பார்த்தார். ம்ஹூம்.

நடந்ததை நடிகர் பெயர் போடாமல் இதே பத்தியில் எழுதினேன், ஞாபகம் இருக்கும். நீங்கள் சும்மா இருந்தீர்களா? கண்டுபிடித்து, அவருக்கே கடிதங்கள் போட்டுவிட்டீர்கள்! பிறகு ஒரு வாரப் பத்திரிகையில் அவர் அறிக்கை வந்தது. ‘நகைச்சுவைக்காகப் பேசியது யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்.’

என் கணவர் அதைச் சத்தமாகப் படித்தார். காவ்யா கேட்டுவிட்டு, இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டாள்: “வொய் ‘இஃப்’? ஹீ வாஸ் தேர். ஹீ ஸா மீ.”

என் கணவர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

இந்த நிலையில்தான் ரேச்சல் வெறுங்கையோடு வந்து நின்றாள். காவ்யாவின் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“காவ்யா, அன்னிக்கு ஷோவில நானும் சிரிச்சேன்.”

காவ்யா பென்சிலைக் கீழே வைத்தாள்.

“எனக்குத் தமிழ் தெரியாது. அவர் என்ன சொன்னார்னே புரியலை. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் உன் முகத்தைப் பார்த்தேன். அப்பவும் உடனே நிறுத்தலை. உன்னைப் பார்த்துச் சிரிச்சது தப்பு. என்னை மன்னிச்சுடு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹாலில் ஆயிரம் பேர் சிரித்தார்கள். அதில் ஒருத்தி, பாஷை தெரியாதவள், ஐந்து மாதம் கழித்து வந்து கணக்குத் தீர்க்கிறாள்!

காவ்யா அவளையே பார்த்தாள். பிறகு, “யூ டோன்ட் ஈவன் நோ டமில்” என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எழுந்து போய் ரேச்சலைக் கட்டிக்கொண்டாள்.

வாசலில் வைத்து ரேச்சலைக் கேட்டேன், திடீரென்று என்ன இது என்று. மறுநாள் சாயங்காலம் அவர்களுடைய பெரிய விரதம் தொடங்குகிறதாம். ஒரு இரவு, ஒரு பகல், தண்ணீர்கூடக் கிடையாது. செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கும் நாள். “கடவுளுக்குச் செஞ்சதை அவர்கிட்டே கேட்டுக்கலாம். மனுஷங்களுக்குச் செஞ்சதை அவங்கவங்ககிட்டேதான் கேக்கணும். அவர் நடுவுல வரமாட்டார். அதான், விரதத்துக்கு முன்னாடி வந்தேன்.”

அப்போது இங்கே ரமதான் மாதம். பில்டிங்கில் பாதிப் பேர் நோன்பு. ஒருத்தி தண்ணீர் குடிக்காமல் ஆபீஸுக்கு லீவு போட்டு வீட்டில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ரேச்சல் வந்துபோன அன்று ராத்திரி சாப்பிடும்போது காவ்யா சொன்னாள், இங்கிலீஷில்தான்: அந்த அங்கிளும் ரேச்சல் ஆன்ட்டி மாதிரி சொல்லணும். நோ போட்டோ.

போட்டோ பேச்சு ஏன் வந்தது என்றால், நடிகரின் மேனேஜர் ஏற்கெனவே ஒருமுறை போன் செய்திருந்தார். ஆட்டோகிராஃப் போட்ட படம் அனுப்புகிறோம், பாப்பா அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்கள், பத்தியில் போட்டுவிடலாம் என்று. நான் பிடிகொடுக்கவில்லை. இப்போது நானே அவருக்குப் போன் செய்து மகள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“என்ன மேடம், போட்டோ இல்லாம எப்படி? வெளியே தெரியவேண்டாமா?” என்றார்.

கலாஸ், முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. எடுத்தேன். “வணக்கம்மா…” தியேட்டரில் எத்தனை தடவை கேட்ட குரல்! காவ்யாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டேன்.

“காவ்யா கண்ணு, நல்லாயிருக்கியா? அன்னிக்கு நான் பேசினது உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா…”

“‘இருந்தா’ இல்லை அங்கிள். இருந்துச்சு.”

தமிழ்! என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

போனை வைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

“ஆமாம்மா… இருந்துச்சு. உன் முகம் மாறினதைப் பார்த்தேன். ஜனங்க கை தட்டிக்கிட்டே இருந்தாங்க, அதனால நிறுத்தலை. உங்கப்பாவையும் நிக்க வெச்சேன். தப்பு என்னோடது. மன்னிச்சுடும்மா.”

“சரி அங்கிள்” என்றாள். பிறகு, “அப்பாகிட்டேயும் சொல்லுங்க. அது… அவர் இங்கதான் இருக்கார்.”

மன்னிப்புக் கேட்க ஒரு நடிகர் தயார். ஆனால் அதை வாங்கிக்கொள்ளத்தான் என் வீட்டு ரசிகருக்குத் தைரியம் இல்லை. “ஐயோ, பரவாயில்லை சார்… விடுங்க சார்…” என்று போனைப் பிடித்துக்கொண்டு நெளிந்ததைப் பார்க்கவேண்டுமே!

விஷயம் கேட்டு ரேச்சல் மறுநாளே ஒரு பெரிய தட்டோடு வந்தாள். மலிதா என்று பெயர். ஊறவைத்த அவல், துருவிய தேங்காய், சர்க்கரை, ஏலக்காய், மேலே பேரீச்சையும் பழங்களும். ஏதாவது நல்லது நடந்தால் கடவுளுக்கு நன்றி சொல்ல அவர்கள் வீட்டில் செய்வதாம். நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காவ்யா வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், எல்லாம் தப்புத் தப்பாக. நாங்கள் ஒரு வார்த்தையைக்கூடத் திருத்தவில்லை. எவ்வளவு இனிப்பாக இருந்தது, தெரியுமா? அவலைச் சொல்லவில்லை.

பெரிய மனிதர்கள் பத்திரிகைக்கு வருத்தம் தெரிவிப்பது சுலபம். ஒரு பத்து வயசுப் பெண்ணின் காதுக்கு நேராகச் சொல்வது கஷ்டம். அவர் சொன்னார். இதை எழுதுங்கள் என்றும் கேட்கவில்லை, எழுதாதீர்கள் என்றும் கேட்கவில்லை. நன்றி சார். முதலில் வந்து வழிகாட்டிய எதிர் ஃபிளாட்டுக்கு அதைவிடப் பெரிய நன்றி.

இனி அவரைத் திட்டிக் கடிதம் போடாதீர்கள், ப்ளீஸ். நாங்களும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்… அவருடைய அடுத்த படத்தைத் திருட்டு டிவிடியில் பார்க்கப்போவதில்லை, டிக்கெட் வாங்கித்தான்!