பதிமூன்று கேலன்

பொய் சொன்னேன். கணபதியின் வேலை போனது என்னால்தான்! அவன் திருடன் அல்லன், சோம்பேறியும் அல்லன்... அதை அறிந்தபின்னும் வாய்மூடிக் கிடந்தவன் நான்.

நீங்கள் என்னைத் திட்டலாம். முதலில் கேளுங்கள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்துகொண்டிருந்தது! மலாக்கா முழுக்கத் தோரணம்! ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் முதலாளி, கோலாலம்பூரில் நம் கொடி ஏறுவதைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று துடித்தார். அவருடைய அமெரிக்கக் காருக்கு நான் டிரைவர். பெட்ரோல் எண்ணெய் அளவு காட்டும் முள் பழுது. அதனால் என்ன? தொட்டி பதினாறு கேலன் பிடிக்கும் என்று கார்க் கையேடு சொல்கிறது. கேலனுக்குப் பதினைந்து மைல். இருநூற்று நாற்பது மைல் பறக்கலாம்! என் கணக்கு தப்பியதே இல்லை என்ற திமிர் எனக்கு.

காஜா பெராங் பெட்ரோல் நிலையத்தில் கணபதிதான் நிரப்பினான்; வீட்டில் மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளின் கம்போங் செட்டிக்காரன். மீட்டர் பதிமூன்றைத் தாண்டியதும் நிறுத்தினான்.

"சூடா பெனு, பாங்! நிறைஞ்சிடுச்சு" என்றான், மலாயில் என்னை அண்ணன் என்று விளித்து, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில்.

அடியில் பழைய எண்ணெய் கிடந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் பத்து பகாட் ஊருக்குப் போய்வந்ததில் நூற்றிருபது மைல் ஓடியது. மிச்சம் நூற்றிருபது மைலுக்கு இருக்கிறது, கோலாலம்பூரோ தொண்ணூறு மைல்தான்! மெர்டேக்கா அன்று விடிந்ததும் பாடிக்கொண்டே கோலாலம்பூருக்கு விரட்டினேன். கோலாலம்பூருக்குச் சற்று முன்னே, காஜாங் அருகே கார் இருமியது... நின்றே போனது! அங்கே கொடி ஏறியபோது நாங்கள் சாலையோரத்தில் நின்றோம். முதலாளி அழுதுவிட்டார்.

"கணபதி முழுசா ஊத்தல, முதலாளி!" என்றேன்.

மறுநாள் முதலாளி நேரே பெட்ரோல் நிலையத்துக்குப் போய்க் கத்தினார். அன்றே கணபதியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அவன் சத்தியம் செய்தானாம். யார் கேட்டார்கள்?

ஒரு வாரம் கழித்துக் கையேட்டைப் புரட்டினேன். பதினாறு கேலனுக்குக் கீழே பொடி எழுத்தில், அறுபதரை லிட்டர்! இதென்ன கூத்து? நம் ஊரில் புழங்கும் பிரிட்டிஷ் கேலன் ஒன்று நாலரை லிட்டருக்கும் சற்றே மேல். வகுத்துப் பார்த்தேன். பதிமூன்று சொச்சம்! அமெரிக்கக் கேலன் நம்முடையதைவிடச் சின்னது! கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக் குதித்தேன்...

அப்புறம்தான் கணபதியின் நினைவு வந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனுக்கு வேலை திரும்பியிருக்கும். சொன்னேனா? அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்! முதலாளி பத்துப் பேர் முன்னால் என்னைக் கணக்குப் புலி என்று மெச்சியிருந்தாரே... அந்தப் பெயருக்காகவா? ஆம், அதற்காகத்தான்.

தீபாவளிக்கு முன் கணபதி கடைக்கு வந்தான். மூட்டை சுமந்து தோள் உரிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கு என் கண்ணுதான் ஏமாந்திருக்கும், பாங். முதலாளி கொடியைப் பார்க்காம போயிட்டாரே... மன்னிச்சிருங்க."

நான் அவனை மன்னித்தேன்! கேட்டீர்களா...

"பரவாயில்ல, கணபதி. இனிமே கவனமா இரு" என்றேன்.