கான்கிரீட்டுக்கு உம் கொட்டியவர்

பல்கலைக்கழகத்தில் எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், விரிவுரையாளர்களுக்குத் தொழில்நுட்பத்தில் உதவி செய்வது என்பேன். பாதி நேரம் அது, செருகாமல் கிடக்கும் பிளக்கைச் செருகி வைப்பது. மீதி நேரம், செருகிவிட்டேன் என்று சத்தியம் செய்பவரிடம் மரியாதையாகப் பேசுவது. எனக்குப் பொறுமை குறைவு. புக்கிட் செலம்பாவில் எங்கள் குடும்பத்தில் யாருக்குமே அது கிடையாது. ஆனால் சம்பளம் என்னவோ பொறுமைக்குத்தான் கொடுக்கிறார்கள்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. முதலாண்டுப் பாடங்கள் அத்தனைக்கும் புது செமஸ்டர் தொடங்குமுன் காணொளி தயாராக வேண்டும். நிரந்தர வேலையில் இருந்தவர்கள் முனகிவிட்டுப் போனார்கள். ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்கு முனகும் வசதி இல்லை. காணொளி இல்லையென்றால் பாடம் வேறொருவருக்குப் போகும். பாடம் போனால் ஒப்பந்தமும் போகும்.

கான்கிரீட் சார் ஒப்பந்தத்தில் இருந்தார். பொறியியல் மாணவர்களுக்கு கான்கிரீட் பற்றிப் பாடம் எடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். ஓய்வு பெற்ற பிறகும் வகுப்பை விட மனமில்லாமல் கரங்கானிலிருந்து பழைய காடியை ஓட்டிக்கொண்டு வருவார். அவர் வகுப்பைக் கடந்து போகும்போது உள்ளே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்கும். சிமெண்டைப் பற்றிப் பேசி ஆளைச் சிரிக்க வைக்கலாம் என்பதை அவரைப் பார்த்துத்தான் நம்பினேன். இவருக்குக் காணொளி எடுப்பது சுண்டைக்காய் வேலை என்று நினைத்தேன்.

ஒளிப்பதிவு அறை என்பது எங்கள் பழைய சாமான் அறை. பச்சைத்துணிக்கு முன்னால் நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. வணக்கம் சொன்னார், ஒரு வாக்கியம் சொன்னார், நின்றுவிட்டார். லென்ஸை அவர் பார்த்தார், லென்ஸ் அவரைப் பார்த்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மறந்துவிட்டாரோ என்று குறிப்புகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். மறுநாளும் அதே கதைதான். அதற்கும் மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"யாருமே உம் கொட்ட மாட்டேங்கிறாங்களே, மா."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு விசாரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் முதலில் வீட்டுச் சமையலறையில்தான் நடத்திப் பார்ப்பாராம். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், காய் நறுக்கிக்கொண்டே உம் கொட்டுவார். கதை கேட்கிற பிள்ளைகள் கொட்டுவார்களே, அதே உம். அக்கா கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கான்கிரீட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, வாசலில் போட்டது விரிசல் விட்டது என்பது மட்டும்தான். உம் கொட்ட அதுவே அதிகம். வகுப்பில் முன்வரிசையில் தலையாட்டுகிற பிள்ளை ஒன்று எப்போதும் கிடைத்துவிடும். இப்போது விடுமுறை, வளாகத்தில் பிள்ளைகளே இல்லை.

அப்படியானால் அக்காவையே கூட்டிவாருங்கள் என்றேன். சார் குனிந்து தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

ஒருநாள் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இவள் கேட்டுத்தான் உம் கொட்டுகிறாளா என்று. சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுப்பதுதானே படித்தவர்கள் வேலை. மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் போட்டால் கான்கிரீட் நன்றாக இறுகும் என்று சொல்லிப் பார்த்தார். அக்கா அதற்கும் உம் கொட்டினார். இத்தனை வருடமும் தூக்கத்தில்தான் கொட்டினாயா என்று இவர் சத்தம் போட, இனிமேல் உங்களுக்கு உம் கிடையாது என்று அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அன்றிலிருந்து உம் மட்டுமல்ல, பேச்சே நின்றுபோனது. சோறு மேசைக்கு வருகிறது, வார்த்தை வருவதில்லை.

சரி, ஓர் உம்முக்கா பஞ்சம் என்று நானே கொட்டிப் பார்த்தேன். என் உம் அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முழுக்க வாயை மூடிக் கேட்டு வளர்ந்தவள் நான், எனக்கு அதில் பழக்கம் இல்லை. என்னோடு வேலை செய்யும் மலாய்க்காரப் பெண் உட்கார்ந்து பார்த்தாள். அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "பெத்துல், பெத்துல்" என்று ஆமோதிக்க, சார் பாடத்தை விட்டுவிட்டு அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் என் படிப்பைக் காட்டினேன். என்னால் முடிந்தவரை இதமாக ஓர் உம்மைப் பதிவுசெய்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தானாக ஒலிக்கும்படி வைத்தேன். தொடக்கம் பிரமாதம். பிறகு சார் மூச்சு வாங்க நிறுத்தினார், இயந்திரம் உம் என்றது. பாதி வாக்கியத்தில் இருந்தார், உம் என்றது. நான் இன்னும் சொல்லவே இல்லையே என்றார். அதற்கும் உம். சார் முகம் சிவந்துவிட்டது.

"நீயும் அப்படித்தானா?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

இயந்திரத்தோடு சண்டை போட்ட விரிவுரையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டியோடு போட்ட சண்டையை இயந்திரத்திடம் தொடர்ந்தவரை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. கூடவே நாட்காட்டியையும் பார்த்தேன். செமஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த மனிதருக்கு வகுப்பைவிட்டால் வேறு ஒன்றும் தெரியாது.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கரங்கானுக்கு ஓட்டினேன். அக்கா சிரித்த முகமாக உட்காரச் சொன்னார். சாரும் அதே கூடத்தில், மின்விசிறிக்கு அடியில் இருந்தார். சாருக்கு டீ வேண்டுமா என்று கேட்கும்படி அக்கா என்னிடம் சொன்னார். கேட்டேன். வேண்டும் என்று சொல்லும்படி சார் என்னிடம் சொன்னார். சொன்னேன். சீனி குறைவாகப் போடவா என்று அடுத்த கேள்வி வந்தபோது எனக்குப் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. பாடம் போனால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் சார் இனி வீட்டில்தான் இருப்பார் என்று போட்டு உடைத்தேன்.

அக்கா யோசித்தார். "பூரா நாளுமா?"

"பூரா நாளும், கா."

"உம் மட்டுந்தான் போடுவேன். வேற பேச்சு கிடையாது. சொல்லிடுங்க."

சொல்லத் தேவையில்லாத தூரத்தில்தான் சார் இருந்தார். ஆனாலும் சொன்னேன்.

மறுநாள் கேமராவுக்குப் பக்கத்தில், சாரின் இடப்புறம், பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் முதல் உம் விழுந்ததும் சாருக்கு உயிர் வந்துவிட்டது. கை ஆடியது, குரல் ஏறி இறங்கியது, ஒளிப்பதிவு செய்வதை மறந்து நானே சிரித்தேன். ஓரிடத்தில் அக்கா உம் சொல்லவில்லை. சார் காத்திருந்தார். வேறு மாதிரி விளக்கினார். அதற்கும் இல்லை. கடைசியில் இட்லி மாவுக்குத் தண்ணீர் விடும் கணக்கைச் சொல்லி விளக்கியபோதுதான் உம் வந்தது. பாடம் புரிந்து சொன்னாரா, அலைக்கழித்தது போதும் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. இப்படியே எல்லாப் பாடங்களும் முடிந்தன. வேலை முடிந்ததும் இருவரும் ஒரே காடியில் ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் போனார்கள்.

தரம் பார்க்கும் குழு காணொளியைத் திருப்பி அனுப்பியது. வெளியாள் குரல் கேட்கிறதாம், நீக்க வேண்டுமாம். அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அரிசியில் கல் பொறுக்குவதுபோல் அத்தனை உம்மையும் பொறுக்கி எடுத்துவிட்டது. மிஞ்சியதைப் பார்த்து நான் தலையில் கை வைத்தேன். சார் பேசுகிறார். திடீரென்று நிறுத்துகிறார். இடப்பக்கம் கெஞ்சலாகப் பார்க்கிறார். ஒரு சத்தமும் இல்லை. பிறகு முகம் மலர்ந்து, தலையாட்டிவிட்டு, மேலே பேசுகிறார்.

குழுவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. மாணவர்கள் சிந்திக்க இடைவெளி விடும் நவீன முறையாம். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. அதோடு விட்டார்களா? எல்லா விரிவுரையாளர்களுக்கும் இந்த முறையைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. பெரிய அரங்கில் பட்டறை நடத்தினேன். படித்த மனிதர்கள் வரிசையாக நின்று, பேச்சை நிறுத்தி, இடப்பக்கம் கெஞ்சலாகப் பார்த்துப் பழகினார்கள். ஏன் இடப்பக்கம் என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இன்னொருவர் மூளையின் வலப்பாதியை வைத்து நீளமாக விளக்கம் கொடுத்துவிட்டார். நான் தண்ணீர் குடித்தேன்.

பட்டறையின் முடிவில் சாரின் காணொளியைப் பெரிய திரையில் போட்டார்கள். சாரையும் அக்காவையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் அக்காவுக்கு மறுபக்கம் இருந்தேன். திரையில் சார் நிறுத்தி, இடப்பக்கம் பார்த்தார். "உம்" என்றார் அக்கா, பழக்க தோஷத்தில். திரையில் சார் தலையாட்டினார். அடுத்ததுக்கும் உம், சரியாக அந்த நேரத்தில். அரங்கே எட்டிப் பார்த்தது. இதுவும் முறையில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த இடத்தில் அக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். சாரை நிறுத்த அவருக்கு எப்போதும் அது போதும். திரையில் இருந்தவர் காத்திருந்தார், பார்த்தார், முகம் மலர்ந்து தலையாட்டினார், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "நான் உம் சொல்லல, தங்கச்சி. போறாரே."

மென்பொருளைப் பற்றி அந்த நேரத்தில் என்ன சொல்ல? ஆனால் சாருக்குக் கேட்டுவிட்டது. இத்தனை நாளுக்குப் பிறகு, என்னைத் தூது விடாமல், நேராக அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"அது போவும் லா. என்னால போக முடியல. நீ இல்லாம அந்த ரூம்ல நின்னேன், ஒரு வார்த்த வாயில வரல."

அக்கா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். சார் காத்திருந்தார். திரையில் கான்கிரீட் பாடம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"உம்" என்றார் அக்கா, மெதுவாக.

அக்கா பக்கத்தில் இருந்த சார் தலையாட்டிவிட்டு மேலே பேச ஆரம்பித்தார். பின்வரிசையிலிருந்து யாரோ உஷ் என்றார்கள். நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.