ஆட்டுக் கொட்டகைக்கு வந்த சைக்கிள் கார்

பெட்ரோல் வாடையும் ஆட்டுப் புழுக்கை வாடையும் கலந்தால் என்ன வாடை வரும் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: அதுதான் எங்கள் வீட்டு வாடை. பதினொரு வயதில் நான் பள்ளிக்கூடத்துக்கு உடுத்திக்கொண்டு போன பாவாடையிலும், ஏன், சோற்றுத் தூக்குச்சட்டியின் மூடியிலும்கூட அது ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள், நானும் போனால் போகட்டும் என்று கிடைத்த இடத்தில் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டேன். கோவில்பட்டிக்கு மேற்கே, கழுகுமலை போகிற சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். அங்கே டிராக்டர் வைத்திருந்த வீடுகள் உண்டு, மோட்டார் சைக்கிள் வைத்திருந்த வீடுகள் உண்டு. இங்கிலாந்தில் செய்த, கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய பந்தயக் கார் ஆட்டுக் கொட்டகைக்குள் நின்ற வீடு எங்களுடையது மட்டும்தான்.

அது எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கோவில்பட்டியில் ஒரு பஞ்சு மில்லில் இருபது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். மில்லை மூடி, முதலாளியின் பங்களாவை விற்றபோது, பின்புறத் தகரக் கூரையின் அடியில் காற்றுப் போய், எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த இந்த வண்டியை அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். சென்னையிலிருந்து வந்திருந்த முதலாளியின் மகன், “வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க, இடம் காலியானாப் போதும்” என்று சொல்லி, வாய் வார்த்தையோடு நிற்காமல் வண்டியின் காகிதங்களையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆனி மாதத்தில் ஒரு நாள் டிராக்டர் டிரெய்லரில் ஏறி அது எங்கள் தெருவுக்கு வந்தது. சக்கரங்களில் சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பிகள் இருந்ததால், இறக்கி முடிப்பதற்குள்ளேயே ஊர் அதற்கு “சைக்கிள் கார்” என்று பெயர் வைத்துவிட்டது.

இடம் வேண்டுமே. வீட்டை ஒட்டியிருந்த ஒரே கூரை ஆட்டுக் கொட்டகை. அம்மாவின் பதினெட்டு கன்னி ரக ஆடுகள் வெளியே வேப்பமரத்தடிக்குப் போயின. கார் உள்ளே போனது. மில்லை மூடிய பிறகு எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்த ஆடுகளால்தான் என்பதை நினைத்துக்கொண்டால், அம்மா அன்றைக்கு வண்டியோடு அப்பாவையும் சேர்த்து டிரெய்லரில் ஏற்றி அனுப்பாதது பெரிய விஷயம். மூன்றாம் நாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“மழைக்கு முன்ன என் ஆடு உள்ள போகணும். புரட்டாசி முடியுறதுக்குள்ள இந்த வண்டி கழுகுமல போயி, முருகனக் கும்பிட்டுட்டு, ஒருத்தரும் தள்ளாம வீடு வந்து சேரணும். சேந்துட்டுன்னா அது இங்கனயே நிக்கட்டும், ஆட்டுக்கு வேற கொட்டக போடுங்க. சேரலன்னா பழைய இரும்புக்காரன நானே கூட்டிட்டு வந்துருவேன்.”

அப்பாவுக்குப் பாதிதான் கேட்டது. பஞ்சு மில் இரைச்சல் அவர் காதை மந்தமாக்கிவிட்டிருந்தது. வலது காதில் கொஞ்சம் பாக்கி இருந்தது. அந்தக் காதில் நான் அம்மாவின் நிபந்தனையை முழுவதும் ஒப்பித்தேன். “சரி” என்றார். அவ்வளவுதான், மூன்றரை மாதப் போர் தொடங்கியது.

முதல் வெற்றி ஸ்பானரில் வந்தது. அப்பா கூப்பிட்டுக் காட்டிய டிராக்டர் மெக்கானிக்குகள் எல்லாரும் தங்கள் ஸ்பானரைப் போட்டுப் பார்த்து, நட்டின் முனையை மழுங்கடித்துவிட்டு, “இது நம்ம ஊரு அளவு இல்ல அண்ணாச்சி” என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அப்பா உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார். மில் இயந்திரங்களும் அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. அவற்றின் நட்டு அளவே தனி. மில்லை மூடும்போது இனி எதற்கும் உதவாது என்று அவர் கையில் கொடுத்தனுப்பிய அந்த “மில் ஸ்பானர்கள்”, காரின் நட்டுகளில் அப்படியே கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. பகலெல்லாம் கிணற்று மோட்டார்களைப் பழுது பார்த்துவிட்டு வருகிற மனிதர், சாயங்காலம் கொட்டகைக்குள் நுழைந்தால் பசியை மறந்துவிடுவார்.

எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது, பெருமையான வேலை. அந்த எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் எஞ்சின் இடறாமல் ஓடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை இதன் வாயிலும் அதன் வாயிலும் மாற்றி மாற்றி வைத்து, ‘உஸ்’ என்கிற சத்தம் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு அது கேட்காது. நான் கேட்டு, “முன்னது கூட, பின்னது கம்மி” என்று விரலால் காட்ட, அவர் திருகைத் திருப்புவார்.

அம்மாவுக்குப் பிடிக்காத சத்தமும் ஒன்று இருந்தது. சாவியைத் திருகியதும், பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் சின்ன மின்சாரப் பம்பு ‘டிக் டிக் டிக்’ என்று அடிக்கத் தொடங்கும். அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கொட்டகை. “ஒங்கப்பா பல்லி கத்த ஆரம்பிச்சுட்டு” என்பாள் அம்மா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பம்புக்குப் பெயர் “பல்லி.”

ஆவணியில் ஒரு நாள் எஞ்சின் முதன்முதலாகப் பிடித்தது. நான் குதித்தேன். பத்து நிமிஷத்தில் எஞ்சினுக்குப் பக்கத்தில், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கறுப்புப் பெட்டியிலிருந்து புகை கிளம்பியது. வேப்பமரத்தடியில் கட்டியிருந்த ஆடுகள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓட, அம்மா ஒரு சட்டி மண்ணைக் கொண்டுவந்து எஞ்சினில் கொட்டினாள். குற்றம் அப்பாவுடையதுதான். எங்கள் ஊரில் எந்த வண்டியானாலும் பேட்டரியின் மைனஸ் கம்பியை அதன் இரும்பு உடம்போடு கட்டுவதுதான் வழக்கம். இந்த வண்டிக்கு ப்ளஸ்ஸைக் கட்ட வேண்டும். பேட்டரிப் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் அப்படியே எழுதி ஒட்டியிருந்ததை, மண்ணைத் துடைக்கும்போதுதான் பார்த்தார். அந்தக் கறுப்புப் பெட்டியைத் திரும்பச் சரிசெய்யவும் மண்ணை வழித்தெடுக்கவும் ஒரு மாதம் போயிற்று.

ஊர் சும்மா இருக்குமா? அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, தினமும் டீக்கடைக்குப் போகிற வழியில் வாசலில் நிற்பார். “ஏலே, வண்டி எப்பம்லே ஓடும்? ஆடு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு” என்பார். டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் சிரிப்பார்கள். அப்பாவுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அம்மா முகத்தில் ஒன்றும் தெரியாது. அவளும் அவர்கள் பக்கம்தான் என்று நினைத்து, அந்தக் கோபத்தில் ஒரு வாரம் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை.

புரட்டாசியின் கடைசிச் செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தேங்காய் பழக்கூடையை மடியில் வைத்தபடி, ஏதோ வேண்டாத சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவளைப்போல் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருக்கைக்குப் பின்னால் இருந்த சாமான் குழியில் நான். வண்டி போனது பாருங்கள்! காற்று கன்னத்தில் அறைந்தது. பருத்தி விதைத்திருந்த காடுகள் இரண்டு பக்கமும் கறுப்பாக ஓடின. எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கழுகுமலையில் தேரடிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தேங்காய் உடைத்து, முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வடக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

ஊருக்குள் நுழையும்போது நான் குழிக்குள் எழுந்து நின்றுகொண்டேன். பெரியப்பா பார்க்க வேண்டும், டீக்கடை முழுவதும் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் இல்லை. சரியாக டீக்கடைக்கு எதிரே எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. வீட்டுக்கு இன்னும் இருநூறு அடி.

டீக்கடைப் பெஞ்சு காலியாயிற்று. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “வாங்கலே, ஆளுக்கொரு கை போடுங்க. பாவம், கோயிலுக்குப் போயிட்டு வாராவ” என்றார். கைகள் வண்டியின் பின்புறத்தை நோக்கி நீண்டன. அப்பா இறங்கி ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “யாரும் தொடாதீங்க” என்றார். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு மூடியைத் திறந்து ப்ளக்கைக் கழற்றினார், மாட்டினார், ஒயர்களை இழுத்துப் பார்த்தார். பழைய இரும்புக்காரரின் தராசு என் கண்ணுக்கு முன்னால் ஆடியது.

அம்மா கூடையோடு இறங்கினாள். தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் நின்றாள். என்னைக் கேட்டாள்: “ஏட்டி, சாவி திருகித்தான இருக்கு?”

“ஆமா.”

“பல்லி சத்தத்தக் காணோமே.”

எனக்குச் சுரீர் என்றது. பெருமையடிக்கும் மும்முரத்தில் நான் கவனிக்கவேயில்லை. அப்பாவுக்குக் கேட்க வழியே இல்லை. மூன்றரை மாதமாக அந்தச் சத்தத்தைத் திட்டித் திட்டியே காதில் ஏற்றிக்கொண்டிருந்தவள் ஒருத்தி மட்டும்தான் அது நின்றுபோனதைக் கண்டுபிடித்தாள். “அது எங்கன இருக்கு, காட்டு” என்றாள். காட்டினேன். கூடையிலிருந்து முருகனுக்கு உடைத்த தேங்காய் மூடி ஒன்றை எடுத்து, அந்தப் பம்பின் தலையில், முரண்டு பிடிக்கிற கிடாயின் நெற்றியில் தட்டுவதுபோல, ‘மட்’டென்று ஒன்று போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று போட்டாள்.

‘டிக்.’ பிறகு ‘டிக் டிக் டிக் டிக்.’

நான் அப்பாவின் வலது காதில் கத்தினேன். அவர் இருக்கைக்கு ஓடி எஞ்சினைக் கிளப்பும் விசையை இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அம்மா பெரியப்பாவைப் பார்த்து, மரியாதை குறையாமல், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க அத்தான், சேல பறக்கும்” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அந்த இருநூறு அடியைப்போல நீளமான, இன்பமான பயணத்தை அதற்குப் பிறகு நான் ஒருநாளும் போனதில்லை. கொட்டகைக்குள் வண்டி நுழைவதற்கும் முதல் தூறல் விழுவதற்கும் சரியாக இருந்தது. அன்று ராத்திரி பதினெட்டு ஆடுகளும் எங்களோடு வீட்டுக்குள் படுத்தன. மறுநாளே அப்பா புதுக் கொட்டகைக்குக் கால் ஊன்றினார்.

தை மாதம் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியைக் கேட்டு அவரே வந்து நின்றார். அம்மா காது கேட்காதவளைப்போல அவரை இரண்டு தரம் கேட்க வைத்தாள்.

முப்பது வருஷம் ஓடிவிட்டது. மில் இருந்த இடத்தில் மனைக்கட்டுகளுக்குக் கொடி நட்டிருக்கிறார்கள், புகைபோக்கியையும் இடித்துவிட்டார்கள். பெரியப்பா இல்லை, வாசலில் நின்று கேலி பேச ஆளில்லாமல் வண்டியைக் கழுவுவது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. அம்மா ஆடுகளை விற்று ஏழு வருஷமாகிறது. அப்பாவுக்கு இப்போது வலது காதும் போய்விட்டது. எஞ்சின் ஓடும்போது மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டுகிறார். கோவில்பட்டியில் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து, அதே மில் ஸ்பானர்களோடு வண்டிக்கு அடியில் படுப்பவள் நான்தான்.

போன வருஷம் ஒரு புது மாதிரிப் பம்பை வரவழைத்து மாட்டினேன், சத்தமே போடாது. அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனைகூடத் தாண்டவில்லை, “நிறுத்து, நின்னுறப் போவுது, பல்லியக் காணோம்” என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அன்றைக்கே கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன்.

அப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, கேட்டேன். “அன்னைக்கு நீ சும்மா நின்னிருந்தா ஒனக்குக் கொட்டக கெடச்சிருக்கும்லா. எதுக்கும்மா தட்டுன?”

அம்மா என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அவிய எல்லாருமா சிரிச்சாவளே, பெறவு? நம்ம வண்டியப் பாத்து நாந்தான் சிரிக்கணும்.”

சாவியைத் திருகினேன். டிக் டிக் என்றது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “ம், இப்பம் எடு” என்றாள்.