உச்சி வெயிலில் ஒரு கறுப்புப் புள்ளி

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு நாற்பத்தாறு வயது. ஊரில் ‘கூலிங்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். காணாமல் போனவர்களை உடல் சூட்டை வைத்துத் தேடும் டிரோன் இருக்கிறதே, அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். இவர் விடுவாரா? மலிவான சென்சார் ஒன்றை வாங்கிப் பழைய டிரோனின் வயிற்றில் கட்டிவிட்டார். படம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். சூடு சிவப்பு, குளிர்ச்சி கறுப்பு, அவ்வளவுதான்.

ஓட்டுவது மனைவி. காணாமல் போகிறவர் இவர். வாராவாரம் பாழடைந்த கல்குவாரியில் போய் ஒளிந்துகொள்வார். அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் வாயைத் திறக்க மாட்டார். அப்போதுதான் அது சோதனையாம். பெரிய சோதனை!

இன்று ஒளிந்த இடத்தில் கல் சரிந்து இடது காலைக் கவ்விக்கொண்டது. செல்போன் பாறைப் பிளவுக்குள் போய்விட்டது. கத்திக் கத்திக் குரலும் போயிற்று. மனைவி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவதற்குள் உச்சி வெயில்.

டிரோன் தலைக்கு மேலேயே வந்தது. கையை ஆட்டினார். அது பாட்டுக்குப் போய்விட்டது. பாறையும் கொதிக்கிறது, அவரும் கொதிக்கிறார். திரை முழுக்க ஒரே சிவப்பாகத்தான் இருக்கும். அவரே கட்டிய கேமரா அவரையே பார்க்காது. வேண்டுமென்றே ஒளிந்திருக்கிறார் என்று அவள் வீட்டுக்குப் போய்விட்டால்?

பாட்டிலில் அரை டம்ளர் தண்ணீர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

போன மாதம் மொட்டை மாடியில் ஓட்டிப் பார்த்தபோது அவள் கேட்டாள்.

“இது என்னங்க கறுப்பா?”

“ஈரத் துண்டு. காயுறப்ப சில்லுனு இருக்கும்ல. கறுப்பையெல்லாம் பார்க்காதே, சிவப்பைப் பாருன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று எரிந்து விழுந்தார்.

ஐயோ, இந்த வாய்! சட்டையைக் கழற்றினார். பாட்டிலை ஒருமுறை உதட்டுக்குக் கொண்டுபோனார். அழுகை வந்தது. அப்புறம் அத்தனையையும் சட்டையில் ஊற்றி மார்பின் மேல் விரித்துக்கொண்டார்.

சத்தம் திரும்ப வந்தது. மேலே வந்து நின்றது. நகரவில்லை.

கால்மணி நேரத்தில் மூச்சிரைக்க ஏறி வந்தவள், காலைப் பார்த்ததும் பதறி, கல்லை இரண்டு கையாலும் தள்ளினாள்.

“சிவப்பைத்தானே... பார்க்கச் சொன்னேன்?” என்றார், காற்றாக.

“நான் என்னைக்குங்க உங்க பேச்சைக் கேட்டிருக்கேன்?” என்றாள் அழுதுகொண்டே.